அநாதபிண்டிகரும் அவர்தம் மக்களும்

புத்த பகவானுடைய காலத்தில் இல்லறத்திலிருந்தே அறம் வளர்த்த பெருமக்கள் பலர். அவருள் ஈகையில் தலைசிறந்தோராகப் பகவானாலேயே போற்றப்பெற்றவர்கள் இருவர்: ஆடவருள் அநாதபிண்டிகர், பெண்டிருள் விசாகை. அநாதபிண்டிகர் பொன் பரப்பி ஜேதவனத்தை வாங்கிய வரலாறு நம்மவர் யாவரும் அறிந்ததே. ஆயினும், அப்பெரியார் தம் மக்களுக்குப் பொருளின் பயனையும் ஈகையின் இயல்பையும் எவ்வாறு கற்பித்தார், அதில் எங்கே வென்றார், எங்கே தோற்றார் என்பனவற்றை நாம் எண்ணிப் பார்ப்பது குறைவு. பிள்ளைகளைப் பெற்ற நமக்கு ஜேதவனத்தைவிட இப்பகுதியே நெருக்கமானது. ஆதலின் அவ்வரலாற்றை இங்கு எடுத்துரைக்கின்றோம்.

பெயரும் பெருமையும்

கோசல நாட்டின் தலைநகரமாகிய சாவத்தியில் சுமனர் என்னும் பெருவணிகரின் மைந்தராகப் பிறந்தவர் இவர். பெற்றோர் இட்ட பெயர் சுதத்தர். துணையற்றோருக்கு நாள்தோறும் உணவளித்து வந்தமையால், அநாதைகளுக்குப் பிண்டம் அளிப்பவர் என்னும் பொருள்பட மக்கள் இவரை அநாதபிண்டிகர் என்று அழைத்தனர். இயற்பெயர் மறைந்து ஈகையால் வந்த பெயரே நிலைத்தது. இவர் பகவானைக் காணும் முன்னரே ஈகையாளராக இருந்தவர் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

ஒருமுறை வாணிகத்தின் பொருட்டு இராசகிருகத்திற்குச் சென்ற சுதத்தர், அந்நகரத்துப் பெருவணிகராகிய தம் மைத்துனர் இல்லத்தில் தங்கினார். வழக்கமாக எழுந்தோடி வந்து வரவேற்கும் மைத்துனர் அன்று வேலையாட்களை ஏவிப் பெருஞ்சமையலுக்கு ஏற்பாடு செய்து கொண்டிருந்தார். திருமணமோ, வேள்வியோ, பிம்பிசார மன்னருக்கு விருந்தோ என்று சுதத்தர் ஐயுற்றார். மறுநாள் புத்தரும் சங்கத்தாரும் உணவுண்ண வருகின்றனர் என்பது தெரிந்தது. புத்தர் என்னும் சொல்லைக் கேட்ட அளவில் அவருக்கு உறக்கம் கொள்ளவில்லை. பொழுது விடிந்ததென எண்ணி இரவில் மும்முறை எழுந்தார். முடிவில் இருளிலேயே புறப்பட்டு, அஞ்சியும் தேறியும் நடந்து, சீதவனத்தை அடைந்தார். வைகறையில் உலாவிக் கொண்டிருந்த பகவான் அவரைச் சுதத்தர் என்று இயற்பெயர் சொல்லி அழைத்தார். ஊரார் இட்ட புகழ்ப்பெயரால் அழைக்காமல், தாய் அழைத்த பெயரால் அழைத்த அக்குரலே அவரை ஆட்கொண்டது. அன்றே அறவுரை கேட்டுச் சோதாபத்தி நிலையை எய்தினார்.

ஜேதவனம்

சாவத்திக்குத் திரும்பிய சுதத்தர், பகவான் தங்குதற்கேற்ற இடம் தேடினார். ஊருக்கு மிகத் தொலைவும் மிக அண்மையும் இன்றி, பகலில் ஆரவாரமும் இரவில் ஓசையும் இன்றி விளங்கியது ஜேத இளவரசனின் சோலை. கோடிப் பொன்னை நிலமெங்கும் பரப்பினாலும் தருவதற்கில்லை என்றான் இளவரசன். விலை கூறப்பட்டுவிட்டமையால் விற்பனை முடிந்தது என்றார் சுதத்தர். வழக்கு நியாயாதிபதிகளிடம் சென்றது. தீர்ப்பு வணிகரின் பக்கம் ஆயிற்று. வண்டி வண்டியாகப் பொன் வந்து இறங்கியது. வாயிலருகே சிறிதளவு இடம் மட்டும் எஞ்சிய நிலையில், அதுகாறும் மறுத்து நின்ற இளவரசன், அவ்விடத்தைத் தன் கொடையாக விட்டுவிடுமாறு வேண்டிக்கொண்டான். அங்கே வாயில் மாடம் ஒன்றை எழுப்பினான்.

நிலத்திற்குப் பதினெட்டுக் கோடி, கட்டடங்களுக்குப் பதினெட்டுக் கோடி, அர்ப்பண விழாவுக்குப் பதினெட்டுக் கோடி, ஆக 54 கோடி செலவாயிற்று எனப் பழைய உரைகள் கணக்குச் சொல்கின்றன. கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பர்குத் தூபியின் கல்வேலியில் இக்காட்சி செதுக்கப்பட்டுள்ளது. நுகம் அவிழ்த்த வண்டியும், சதுரக் காசுகளைத் தரையில் அடுக்கும் ஆட்களும், கையில் நீர்ச்செம்புடன் நிற்கும் கொடையாளரும் அதில் தோன்றுகின்றனர். அச்சிற்பம் கொல்கத்தாவிலுள்ள இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. ஜேதவனத்தின் அடித்தளங்களை உத்தரப்பிரதேசத்தில் சாகேத் என்னும் இடத்தில் காணலாம். அருகிலுள்ள மாகேத் பண்டைய சாவத்தி நகரம்.

இந்நிகழ்ச்சியில் நமக்கு வேண்டிய பாடம் பொன்னின் அளவன்று. எவரும் இளவரசனுக்கு ஈகையைப் போதிக்கவில்லை. மற்றொருவன் மனமுவந்து கொடுப்பதை அருகில் நின்று கண்டான். தானும் கொடுக்க விரும்பினான். ஈகை சொல்லால் பரவுவதைவிடக் காட்சியால் விரைந்து பரவுகிறது.

பெண்மக்கள் கற்ற கல்வி

அநாதபிண்டிகரின் இல்லத்தில் நாள்தோறும் ஏராளமான பிக்குகளுக்கு உணவளிக்கப்பட்டது. சாவத்தியில் எவர் தானம் செய்யினும் முறை அறிந்தவர் என்று இவரையும் விசாகையையும் உடன் அழைத்துச் செல்வது வழக்கமாயிற்று. இதனால் தம் வீட்டில் நின்று பரிமாற அவருக்குப் பொழுது இல்லாமற் போயிற்று. அப்பொழுது அவர் காரியக்காரனை அமர்த்தவில்லை. மூத்த மகளாகிய மகாசுபத்தையை அழைத்து அப்பொறுப்பை ஒப்படைத்தார். அவள் மணமாகிச் சென்றபின் இளையவளாகிய சூளசுபத்தையும், அவளுக்குப் பின் கடைமகளாகிய சுமனையும் அவ்விடத்தில் நின்றனர்.

களஞ்சியத்திலிருந்து எவ்வளவு எடுப்பது, எத்தனை பேருக்கு எவ்வளவு சமைப்பது, நோயாளிக்கு எது, வழிப்போக்கனுக்கு எது, மீந்ததை என் செய்வது என்பனவெல்லாம் இத்தகைய பொறுப்பில் அடங்கும். இதனினும் சிறந்த பொருளாதாரப் பள்ளி எது? தந்தை பிள்ளைகளின் கையில் காசைக் கொடுக்கவில்லை, அகப்பையைக் கொடுத்தார். பரிமாறும்பொழுதே அவர்கள் அறவுரையும் கேட்டனர். மூத்தவர் இருவரும் சோதாபத்தியை அடைந்தனர். சுமனையோ தந்தையையும் விஞ்சிச் சகதாகாமி நிலையை எய்தினாள். நோயுற்று இறக்குந் தறுவாயில் அவள் தந்தையைத் தம்பி என்று அழைத்தாள். மகள் மதி மயங்கிப் பிதற்றுகிறாள் என்று கலங்கிய தந்தை, அவள் மறைந்தபின் அழுதுகொண்டே பகவானிடம் சென்றார். அறநிலையில் அவள் மூத்தவளாதலின் அவ்வாறு அழைத்தாள் எனப் பகவான் விளக்கியருளினார். தாம் கற்பித்த பிள்ளை தம்மைக் கடந்து சென்றுவிட்டதை அன்று அவர் அறிந்தார்.

மகன் காளன்

இனி, இவ்வரலாற்றின் கடினமான பகுதிக்கு வருகின்றோம். அநாதபிண்டிகருக்குக் காளன் என்றொரு மகன் இருந்தான். உலகறிந்த உபாசகரின் மகனாகப் பிறந்தும், பகவானைக் காணவோ, அறம் கேட்கவோ, சங்கத்திற்குத் தொண்டு செய்யவோ அவனுக்கு விருப்பமில்லை. பகவான் வீட்டிற்கு எழுந்தருளும்போதும் எதிரில் வாரான். தந்தை எவ்வளவு சொல்லியும் பயனில்லை.

பிறர் வீட்டுக் கதைபோல நாம் இதனைக் கேட்டுவிட்டுப் போக இயலாது. சுதத்தர் தாமே தேடி, இருளில் நடந்து, கண்டு, ஏற்றுக்கொண்டவர். காளனுக்கோ அந்நெறி வீட்டில் கிடந்த பண்டம். அவன் எதையும் தேடவில்லை. ஆதலின் அதன் அருமை அறியவில்லை. நம்முள் பலர் ஆராய்ந்து, இழிவை உதறி, உறவினர் ஏச்சைப் பொறுத்து, இந்நெறியை ஏற்றவர்கள். நம் பிள்ளைகள் ஏற்றவர்கள் அல்லர்; பிறந்தவர்கள். நமக்கு விடுதலையாக வந்தது அவர்களுக்கு வழக்கமாகத் தோன்றும். காளனின் தந்தை பட்ட கவலை நம் கவலையே ஆகும்.

மகனுக்கு எதில் நாட்டம் என்று தந்தை ஆராய்ந்தார். காசு என்றால் அசையாதார் இலர் எனத் தெளிந்தார். விகாரத்திற்குச் சென்று உபோசதம் காத்து அறம் கேட்டு வந்தால் 100 கஹாபணம் தருவதாகச் சொன்னார். கஹாபணம் என்பது அக்காலத்தில் வழங்கிய முத்திரை பொறித்த காசு. மகன் மும்முறை உறுதிமொழி வாங்கிக்கொண்டே புறப்பட்டான். விகாரத்தில் அறம் கேட்டானா? இல்லை. வசதியான இடமாகப் பார்த்துப் படுத்து உறங்கி, விடிந்ததும் வீடு வந்தான். மகன் நோன்பிருந்து வந்தான் என மகிழ்ந்த தந்தை கஞ்சி கொண்டுவரச் செய்தார். காசு வந்தாலன்றிக் கஞ்சியைத் தொடேன் என்று அவன் பிடிவாதம் செய்தான். தந்தையும் கொடுத்தார்.

மறுநாள் விலை ஏறிற்று. பகவான் திருமுன் நின்று அறவுரையில் ஒரே ஒரு பாடலை மனத்திற் கொண்டு வந்தால் 1000 கஹாபணம் என்றார் தந்தை. ஒன்றைக் கற்றவுடன் ஓடிவந்துவிடலாம் என எண்ணிச் சென்றான் காளன். ஆனால் கேட்ட பாடல் அவன் மனத்தில் நிலைக்காதவாறு பகவான் செய்தார். அடுத்ததைக் கற்கலாம் என்று நின்றான், அதுவும் நழுவியது. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என நின்று கேட்டான். கற்க வேண்டும் என்னும் எண்ணத்துடன் கேட்டமையால் பொருள் உள்ளத்திற் பதிந்தது. காசுக்காக நின்றவன் காசை மறந்தான், சோதாபத்தியை அடைந்தான்.

மறுநாட் காலையில் பகவானோடும் சங்கத்தாரோடும் அவன் வீட்டிற்கு வந்தான். அவன் உள்ளத்தில் இருந்த அச்சம் ஒன்றே: பகவான் எதிரில் தந்தை அந்தக் காசை எடுத்துக் கொடுத்துவிடக் கூடாதே என்பது. கூலிக்காக நோன்பிருந்தது வெளிப்படுமே என்று நாணினான். ஒன்றும் அறியாத தந்தை, யாவரும் உண்டபின் ஆயிரங் காசு கொண்ட பையை மகன் முன் வைத்தார். அவன் வேண்டாம் என்றான். எவ்வளவு வற்புறுத்தியும் தொடவில்லை. வியந்த தந்தை நடந்தவற்றைப் பகவானிடம் கூறினார். பேரரசினும் தேவருலகினும் உயர்ந்த ஒன்றை அவன் பெற்றுவிட்டமையால் காசு அவனுக்குச் சிறிதாயிற்று என்று பகவான் உணர்த்தினார். தம்மபதத்தின் 178ஆம் பாடலுக்குப் பழைய உரை கூறும் வரலாறு இதுவே.

இவ்வாறு காசு காட்டி அறத்திற்கு அழைத்தது தகுமா என வினவுவார் உண்டு. வினா நியாயமானதே. முதல் நாள் நடந்தது வெறும் வியாபாரம். நூறு காசுக்குத் தந்தை பெற்றது ஒரு பொய். இதனை மறைக்காமல் உரை கூறுகின்றது. இரண்டாம் நாளும் காசு மகனைத் திருத்தவில்லை. அவனை வாயில்வரை கொண்டுவந்து நிறுத்தியது. உள்ளே இருந்தது அறம். நாம் பிள்ளைகளுக்குத் தின்பண்டமோ காசோ காட்டி விகாரத்திற்கு அழைத்துச் செல்வது குற்றமன்று. சென்ற இடத்தில் அவர்கள் மனங்கொள்ளத்தக்க யாதும் இல்லையாயின், அதுவே குற்றம். அப்பிள்ளைகள் காளனின் முதல் இரவைப்போல உறங்கி எழுந்து கூலி கேட்பார்கள்.

மருமகனும் பேத்தியும்

அநாதபிண்டிகர் தோற்ற இடமும் உண்டு. அவருடைய உடன்பிறந்தார் மகன் ஒருவன், பெற்றோர் விட்டுச்சென்ற 40 கோடியைக் குடித்தே அழித்தான். பின் அவரிடம் வந்தான். வாணிகம் செய்து பிழைக்குமாறு 1000 காசு கொடுத்தார். அதனையும் அழித்து வந்தான்; 500 கொடுத்தார். அதுவும் போயிற்று. பிறகு முரட்டுத் துணி இரண்டு கொடுத்தார். அதன் பின்னும் வந்தபோது கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளச் செய்தார். அவன் பிறர் சுவரோரம் விழுந்து மாண்டான். ஊருக்கெல்லாம் சோறிட்ட அவ்வீட்டின் உறவினன் அவன்.

மனம் தாளாமல் பகவானிடம் சென்று அவர் இதனைக் கூறியபோது, வேண்டியதெல்லாம் தரும் குடத்தைப் பெற்றும் குடிவெறியில் அதனை மேலே எறிந்து விளையாடி உடைத்த ஒருவனின் பழங்கதையைப் பகவான் எடுத்துரைத்தார். ஜாதகக் கதைகளுள் அது 291ஆவது. காக்கக் கல்லாதவனுக்குக் கோடியும் குடமும் ஒன்றே என்பது கருத்து. எனினும் நமக்கு ஓர் எண்ணம் எழுகின்றது. மகளிருக்குப் பொறுப்பு கிடைத்தது. காளனுக்கு அறம் கிடைத்தது. இவனுக்குக் காசு மட்டுமே கிடைத்தது. கற்பிக்கும் வயதில் கற்பியாமல், அழியும் வயதில் கொடுத்த பொருள் அவனைக் காக்கவில்லை.

இதற்கு நேர்மாறானது பேத்தியின் கதை. மாவினாற் செய்த பொம்மை ஒன்றைச் செவிலி அச்சிறுமிக்குக் கொடுத்து, உன் மகள் என்று சொல்லியிருந்தாள். ஒருநாள் அது கைதவறி விழுந்து உடைந்தது. மகள் இறந்துவிட்டாள் என்று குழந்தை அழுதது. எவராலும் தேற்ற முடியவில்லை. பகவான் அருகில் அமர்ந்திருந்த பாட்டனார் குழந்தையை மடியில் இருத்தினார். வேறு பொம்மை வாங்கித் தருவதாகச் சொல்லவில்லை. பொம்மைக்காக அழலாமா என்று நகைக்கவும் இல்லை. அவள் மகளின் பெயரால் தானம் செய்வோம் என்றார். சொன்னபடியே மறுநாள் பகவானையும் பிக்குகளையும் அழைத்து உணவளித்தார். அழுகை இறந்தார்க்குப் பயன்படாது, அவர் பொருட்டுச் செய்யும் ஈகை பயன்படும் என்னும் பெரிய உண்மை, பெத்தவத்து உரையில் ஒரு மாப்பொம்மையால் விளங்குகின்றது.

நம் இல்லங்களில் பௌர்ணமி நாளில் பிள்ளையின் கையில் ஒரு காசைக் கொடுத்து உண்டியலில் போடச் சொல்கின்றோம். அக்காசு நம்முடையது, பிள்ளை கற்பது அது விழும் ஓசையை மட்டுமே. அச்சிறுமியின் தானமோ அவளுடைய சொந்தத் துயரத்திலிருந்து பிறந்தது. பிள்ளை தன்னுடையதென்று கருதும் ஒன்றிலிருந்து, அது சிறிதேயாயினும், கொடுக்கும் நாளே அதன் ஈகையின் முதல் நாள்.

வறுமையும் கணக்கும்

செல்வர் வீட்டுக் கதை நமக்கு எதற்கு என்பார்க்கு மறுமொழி அவர் வாழ்விலேயே உண்டு. வணிகர்கள் ஓலை எழுதிக் கடனாகப் பெற்ற 18 கோடி திரும்பவில்லை. ஆற்றங்கரையில் புதைத்திருந்த குலச்செல்வம் 18 கோடியை வெள்ளம் கொண்டுபோயிற்று. நொய்க்கஞ்சியும் புளித்த காடியுமே அவரால் அளிக்க முடிந்தது. அவ்வீட்டு வாயிலில் உறைந்த தெய்வம் ஒன்று ஈகையை நிறுத்துமாறு அறிவுரை கூறியதாகவும், அதனை அவர் வீட்டைவிட்டு வெளியேற்றியதாகவும், பின்னர் அதுவே இழந்த பொருளையெல்லாம் மீட்டுத் தந்ததாகவும் கதை கூறும். வறுமை வந்தவுடன் நம் வாயிலிலும் இத்தெய்வம் பேசுவதை நாம் கேட்டதில்லையா? அதனை வெளியேற்றுதலே அரிது.

அந்நாளில் தம் உணவின் எளிமை குறித்து அவர் நாணியபோது, பகவான் வேலாமர் என்னும் பழைய கொடையாளரைப் பற்றிக் கூறினார். பொற்கலங்களும் யானைகளும் அளித்த அப்பெருங்கொடையினும், நன்னெறியுற்ற ஒருவருக்கு உணவளித்தல் மேலானது. அதனினும் சரணம் புகுதலும் சீலம் காத்தலும் மேலானவை. அன்பு நிறைந்த உள்ளத்தை ஒரு கணம் வளர்த்தலும், நிலையாமையை ஒரு கணம் உணர்தலும் மேலினும் மேலானவை என்று தெளிவித்தார். மதிப்போடும் தம் கையாலும் கொடுத்தால் நொய்யும் உயர்ந்ததே என்றார். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இதனினும் ஆறுதலான பாடம் இல்லை.

பொருளை வெறுக்குமாறும் பகவான் அவருக்குச் சொன்னதில்லை. நேர்மையாக ஈட்டிய பொருளால் தன்னையும் பெற்றோரையும் மனைவி மக்களையும் பணியாளரையும் காத்தல், நண்பரைப் பேணல், தீ நீர் கள்வர் முதலிய இடர்களுக்குக் காப்பு வைத்தல், உறவினர் விருந்தினர் முதலியோர்க்குரிய கடன்களை ஆற்றல், துறவியர்க்கு ஈதல் என ஐவகைப் பயன்களை வகுத்துரைத்தார். இல்லறத்தானுக்கு இன்பம் நான்கு என்றும் கூறினார்: பொருள் உடைமை, அதனை நுகர்தலும் ஈதலும், கடனின்மை, பழியின்மை. முன்னைய மூன்றும் சேர்ந்தாலும் பழியற்ற வாழ்வின் இன்பத்தில் பதினாறில் ஒரு பங்கும் ஆகா என்று முடித்தார். நம் பிள்ளைகளுக்கு வட்டிக் கணக்குக் கற்பிக்கின்றோம். இந்த நான்கின் கணக்கையும் உடன் கற்பித்தல் வேண்டும். கடன்பட்டு விழா எடுக்கும் வழக்கமுடைய நமக்கு மூன்றாவது இன்பம் தனியே நினைவூட்டத்தக்கது.

இறுதி நாள்

அநாதபிண்டிகர் நோயுற்றுக் கிடந்தபோது சாரிபுத்திரரும் ஆனந்தரும் அவரைக் காணச் சென்றனர். கண் முதலிய பொறிகளையும், காணப்படும் பொருள்களையும், இவ்வுலகையும் மறுவுலகையும் பற்றாதிருக்குமாறு சாரிபுத்திரர் அறவுரை கூறினார். கேட்ட அவர் கண்ணீர் உகுத்தார். உயிர் தளர்கின்றதோ என ஆனந்தர் வினவினார். அதுவன்று, நெடுங்காலம் பகவானைப் பணிந்தும் இத்தகைய அறவுரையைத் தாம் கேட்டதில்லையே என்பதே கண்ணீரின் காரணம். துறந்தார்க்கே இது கூறப்படுவது வழக்கம் என்றனர். கண்ணில் துகள் குறைந்த இல்லறத்தாரும் உள்ளனர், கேளாமையால் அவர்கள் கெடுகின்றனர், அவர்களுக்கும் இதனைக் கூறவேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டார்.

54 கோடி அளித்த கையின் கடைசி வேண்டுகோள் பொருள் பற்றியதன்று, தமக்கென்றும் அன்று. தாம் பெற்ற நல்லது தம்மைப்போன்ற பிறருக்கும் கிடைக்க வேண்டும் என்பதே அது. ஈகையின் முழு இலக்கணமும் இதனுள் அடங்கும். நம் பிள்ளைகளுக்கு நாம் விட்டுச்செல்லும் பொருள் பெரிதாயினும் சிறிதாயினும், இவ்வேண்டுகோளையும் உடன் விட்டுச்செல்வோமாக. அடுத்த பௌர்ணமியில் அவர்கள் கையில் காசை மட்டும் வையாமல், அகப்பையையும் வைப்போமாக.